கை இரண்டு, சொல் ஒன்று

மேடையில் எங்கே உட்காருவது என்பதே மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்குச் சிக்கலாக இருந்தது. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும், நாதம் நேராகப் போய்ச் சேரும். பிள்ளை இடது கைக்காரர். வலந்தலையை இடது கையாலும் மறுமுகமான தொப்பியை வலது கையாலும் வாசித்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் அவருடைய வலந்தலை மேடைச் சுவரைப் பார்க்கும். பாடகரின் இடப்பக்கம் போனால் அங்கிருக்கும் வயலின்காரர் எழுந்து இடம் மாற வேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்றார். 1962இல் பிள்ளை மறைந்தபோது, தென்னாட்டு லயம் என்றதும் நினைவுக்கு வரும் முதல் சில பெயர்களில் அவருடையதும் ஒன்றாகியிருந்தது.

அவர் பெயரோடு ஒட்டிய ஊரான பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது. அதே மலைத்தொடரின் மேலே, ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் மலைப்பாதை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. தேவாலயப் பாடல்களோடும் பள்ளிக்கூடத்தோடும் பியானோ மலையில் நிலைகொண்டது. ஆக, ஒரே மலையின் அடியிலும் முடியிலும் இரண்டு வாத்தியங்கள். இரண்டுமே இரு கைகளைக் கேட்பவை. இரு கைகளையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு அடிவாரம் கண்ட விடை, உச்சிக்குப் போய்ச் சேரவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

பியானோ கற்கும் பிள்ளை மேல் கிரேடுகளை எட்டும்போது ஒருநாள் அந்தச் சிக்கல் வந்து நிற்கும். இடது கையில் இரண்டு சுரம் விழும் நேரத்தில் வலது கையில் மூன்று விழ வேண்டும். தெபுஸ்ஸியின் முதல் அரபெஸ்க் இப்படித்தான் ஓடுகிறது. தனித்தனியே வாசித்தால் இரண்டு கையும் சுளுவாகப் போகும். சேர்த்ததும் ஒன்று மற்றொன்றை இழுக்கும். மூன்று வாசித்த கை இரண்டுக்கு இறங்கும், அல்லது இரண்டு வாசித்த கை நொண்டும். மூன்றுக்கு நான்கு, ஐந்துக்கு நான்கு என்று போகப்போக இழுப்பு கூடும். மேற்கத்திய இசைக்காரர்கள் இதைப் பாலிரிதம் என்கிறார்கள். ஒரே காலத்தை இரண்டு விதமாகக் கூறுபோட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது அது.

இந்த இழுப்பு சோம்பலால் வருவதில்லை, உடம்பின் அமைப்பே அப்படி. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி, ஒன்று உள்ளே போகும்போது மற்றொன்று வெளியே போகும்படி ஆட்டிப் பார்க்கலாம். மெதுவாக ஆட்டும்வரை தொல்லை இல்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், நினைக்காமலே, இரு விரல்களும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியே என்று மாறிவிடும். ஸ்காட் கெல்ஸோ 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். 1985இல் ஹாக்கன், கெல்ஸோ, புன்ஸ் மூவரும் அதற்கு ஒரு கணிதச் சமன்பாடே எழுதினார்கள். கைகள் ஒத்துப்போகவே விரும்புகின்றன. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான் அவற்றுக்குத் தாய்வீடு.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை, கடுமையான வலிப்பு நோய்க்காக வெட்ட வேண்டியிருந்த சிலரை வைத்து 1996இல் ஃபிரான்ஸ், ஐவ்ரி, கஸானிகா முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வடிவங்களை வரையச் சொன்னார்கள். நம்மில் யாருக்கும் அதில் கை குழம்பும். அவர்களுக்குக் குழம்பவில்லை. வடிவத்தில் இரு கைகளும் முழுக்கப் பிரிந்துவிட்டன. ஆனால் காலத்தில் பிரியவில்லை. இரண்டு கையும் சேர்ந்தே தொடங்கின, சேர்ந்தே முடித்தன. பாலத்தை அறுத்தாலும் கைகளின் காலக்கணக்கு அறுபடவில்லை. “கைகளைச் சுதந்திரமாக்கு” என்று சொல்லும் பியானோ பாடநூல்கள் எல்லாம் இந்த ஒரு முடிவின் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பிரிக்க முடியாததைப் பிரிக்கப் பாடுபடுவதைவிட, சேர்ந்த உருவத்தைக் கற்றுக்கொள்வது மேல் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டூவர்ட் கிளாப் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு லயங்களையும் கேட்பவருக்கு ஒரே ஓட்டமாகக் கேட்கும்படி அமைத்தபோது விரல்கள் நன்றாகத் தட்டின. சுருதி இடைவெளியை அகலப்படுத்தி இரண்டையும் தனித்தனி ஓட்டங்களாகக் கேட்கவைத்தபோது தட்டல் தடுமாறியது. காது ஒன்றாகக் கேட்டால் கையும் ஒன்றாக வாசிக்கிறது.

மிருதங்க வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. அங்கே எதுவும் முதலில் கைக்கு வருவதில்லை, வாய்க்குத்தான் வரும். ஆசிரியர் சொல்லுவார், மாணவர் திருப்பிச் சொல்லுவார், சொல் நாக்கில் நின்ற பிறகே தோலில் விழும். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. ஐந்து நடைகளுக்கும் எண் தேவையில்லை, சொல்லே எண். இந்தச் சொற்கட்டைப் பியானோவின் இரண்டுக்கு மூன்றில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. ஆறு மாத்திரையில் வலது கை 1, 3, 5இல் விழுகிறது. இடது கை 1, 4இல் விழுகிறது. இரண்டையும் சேர்த்தால் அடிகள் 1, 3, 4, 5. இடைவெளிகள் 2, 1, 1, 2. வாயால் சொன்னால்: தாம் தக தாம். கையால் செய்தால்: இரண்டும், வலது, இடது, வலது. அவ்வளவுதான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆசிரியர்கள் இதற்காகத் தேநீரையும் வெண்ணெயையும் வைத்து வாக்கியங்கள் கட்டித் தருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு “நான் வரவா” என்ற இரண்டு சொல் போதும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்பது தொல்காப்பியத்திலிருந்தே நமக்குள்ள அளவு. ‘நான்’ நெடில், ‘வ’ குறில், ‘ர’ குறில், ‘வா’ நெடில்.

மூன்றுக்கு நான்கு இன்னும் அழகு. மடங்கு பன்னிரண்டு. நான்கின் கை 1, 4, 7, 10இல். மூன்றின் கை 1, 5, 9இல். இடைவெளிகள் 3, 1, 2, 2, 1, 3. ஐந்துக்கு நான்கில் இருபது மாத்திரை, இடைவெளிகள் 4, 1, 3, 2, 2, 3, 1, 4. எண்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தாலும் அதே வரிசை. எந்த இரண்டு சீரான ஓட்டங்களை ஒரே புள்ளியில் தொடங்கினாலும் இந்தக் கண்ணாடி உருவம் வரும். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்தவர்களுக்கு இது பழகிய மகிழ்ச்சி. பயன் என்னவென்றால், பாதியைக் கற்றால் போதும், மறுபாதி தானே திரும்பி வரும். பியானோ மாணவருக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனை மாதங்கள் மிச்சமாகும்!

இங்கேதான் பழனியின் இடது கை முக்கியமாகிறது. மிருதங்கத்தில் இரு கைகளும் ஒரே வாக்கியத்தைப் பங்கிட்டுப் பேசுகின்றன. தொப்பியின் தொம்மும் வலந்தலையின் நம்மும் சேர்ந்தால்தான் சொல் முழுமை பெறும். இரண்டு ஓட்டங்கள் என்ற எண்ணமே வாசிப்பவருக்கு வருவதில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை கைகளை மாற்றிப்போட்டு வாசித்தபோது சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதத்தை மற்றவர்களால் மறக்க முடியவில்லை. அவருக்கு அது வலது கை வேலை, மற்ற எல்லோருக்கும் இடது கை வேலை. சொல் நாக்கில் இருக்கும்போது எந்தக் கை எந்தப் பக்கம் என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. அவரிடம் குருகுலமாகக் கற்ற திருச்சி சங்கரன் வலது கைக்காரர். கண்ணாடியில் பார்ப்பதுபோல் குருவின் கைகளுக்கு எதிராகத் தன் கைகளை வைத்து வாசித்தார். 1971இல் கனடாவின் டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாடகர் ஜான் ஹிக்கின்ஸுடன் அங்கே தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பழனியின் சொற்கட்டு டொராண்டோ மாணவர்களின் நாக்கில் ஏறியது அப்படித்தான்.

ஆனால் சொற்கட்டே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. சோப்பின் 1834இல் எழுதிய ஃபான்டெஸி இம்ப்ராம்ப்டு, அவர் இறந்த பிறகு 1855இல் அச்சானது. அதில் வலது கை நான்கும் இடது கை மூன்றுமாக மின்னல் வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் பன்னிரண்டு மாத்திரையை நாக்கு சொல்லி முடிக்காது. சொல்ல முடிந்தாலும் அப்படி எண்ணி வாசித்தால் இசை தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். கேட்பவருக்கு அங்கே வேண்டியது ஒரு வாக்கியம் இல்லை, இரண்டு குரல்கள். மேலே ஒன்று நீந்த, கீழே ஒன்று உருள வேண்டும். கிளாப்பின் ஆய்வு கற்பதற்குச் சரி. மேடையில் கலைஞர் செய்வது அதன் தலைகீழ். ஒன்றாகக் கற்றதை இரண்டாகப் பிரித்துக் கேட்கவைக்கிறார்.

சோப்பின் இதைத் தம் மாணவர்களுக்கு எப்படிச் சொன்னார் என்று அவர்களே பதிந்திருக்கிறார்கள். இடது கை வாத்தியக் குழுவின் நடத்துநர், அது காலத்தை விடாது. வலது கை பாடகர், அது சற்றுத் தயங்கலாம், சற்று முந்தலாம். தமிழ்நாட்டில் பாட்டு வகுப்புக்குப் போன ஏழு வயதுக் குழந்தைக்கு இது புதிதா? தொடையில் தாளம் போடும் கை நகராமல் நிற்க, குரல் அதன்மேல் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறுவதைச் சரளி வரிசையிலிருந்தே செய்கிறது. சில ஆண்டு கழித்து, ஆதி தாள வர்ணத்தைத் திசிர நடையில் பாடு என்பார் ஆசிரியர். கை அதே எட்டு எண்ணிக்கையில் போகும், பாட்டு மூன்று மூன்றாகப் போகும். பாலிரிதம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அந்தக் குழந்தை அதைச் செய்து முடித்துவிடும். ஒரு கைக்கும் மறு கைக்கும் பதிலாகக் கைக்கும் குரலுக்கும் நடக்கிறது, அதுதான் வேறுபாடு.

கைக்கும் கைக்குமே நடந்ததும் உண்டு. அவதானப் பல்லவி என்று ஒரு பழைய வித்தை. பாடகர் வலது கையில் ஒரு தாளம், இடது கையில் வேறொரு தாளம் போட்டுக்கொண்டு, இரண்டுக்கும் பொருந்தும் பல்லவியைப் பாடுவார். ஒரு கையில் எட்டு அட்சர ஆதி, மறு கையில் ஏழு அட்சரத் திசிர ஜாதித் திரிபுடை என்று வைத்துக்கொண்டால், 56 அட்சரத்துக்கு ஒருமுறைதான் இரண்டு தாளங்களின் சமமும், அதாவது முதல் அடியும், ஒன்றுகூடும். இடையில் ஒரு கை தட்டும்போது மறு கை விரல் எண்ணும், ஒன்று வீசும்போது மற்றொன்று தட்டும். முசிறி சுப்பிரமணிய ஐயரின் மாணவி சுகுணா புருஷோத்தமன் இதைத் தின்னியம் வெங்கட்ராம ஐயரிடம் கற்று, 2015இல் மறையும்வரை இந்த அரிய கலையின் பெயராகவே விளங்கினார். கவனத்தைப் பல கூறாக்குவதைத் தமிழ்நாடு எப்போதுமே கொண்டாடியிருக்கிறது. 1907இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குதம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்தை இன்றும் பேசுகிறார்கள். பாவலருக்கு நூறு கேள்விகளையும் ஏந்த ஒரு நினைவு போதுமானது. அவதானப் பல்லவியில் நினைவோடு உடம்பும் சேர்ந்து கூறுபட வேண்டும்.

ஒரு நுணுக்கத்தை இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும், இரண்டையும் குழப்பிப் பேசுவோர் அதிகம். மூன்றுக்கு நான்கில் காலம் ஒன்று, துடிப்பின் வேகம் இரண்டு. அவதானப் பல்லவியில் துடிப்பு ஒன்று, வட்டத்தின் நீளம் இரண்டு. முன்னதில் கைகள் அடிக்கடி சந்திக்கும், ஆனால் இடையில் எங்கும் ஒட்டாது. பின்னதில் ஒவ்வொரு துடிப்பிலும் ஒட்டும், ஆனால் அழுத்தம் சந்திக்க வெகுநேரம் ஆகும். பயிற்சியும் இரண்டுக்கும் ஒன்றில்லை.

இந்தப் பின்னதைத்தான் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டி பியானோவில் கொண்டுவந்தார். 1985இல் வந்த அவருடைய முதல் தொகுதிப் பயிற்சிப் பாடல்களில் முதலாவதன் பெயருக்கு ‘ஒழுங்கின்மை’ என்று பொருள். வலது கைக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும், இடது கைக்குக் கறுப்புக் கட்டைகள் மட்டும். இரண்டும் ஒரே துடிப்பில் மூன்றும் ஐந்துமாகக் கூடிய எட்டுகளில் கிளம்புகின்றன. வலது கையின் வட்டத்தில் அவ்வப்போது ஒரு துடிப்பு குறைய, அழுத்தங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகின்றன. அதற்கு அவர் தூண்டுதல் பெற்றது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க இசையிலிருந்தும், மெக்ஸிகோவில் குடியேறிய கான்லன் நான்காரோவிடமிருந்தும். நான்காரோ மனிதக் கைகளையே கைவிட்டவர். தானாக வாசிக்கும் பியானோவின் காகிதச் சுருள்களில் துளைபோட்டே தம் பாடல்களை அமைத்தார். கை எட்டாத விகிதங்களை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்தார். லிகெட்டியோ அவற்றில் கைக்கு எட்டுவதைத் தேடி எடுத்தார். மனித உடம்பால் முடிகிறதா என்ற அந்தப் பதற்றமே அந்தப் பயிற்சிப் பாடல்களுக்கு உயிர். அவதானப் பல்லவி பாடியவருக்கு அந்தப் பதற்றம் நன்றாகப் புரியும். லிகெட்டியின் பியானோவுக்கும் சுகுணா புருஷோத்தமனின் இரு தொடைகளுக்கும் உள்ள உறவைத் தமிழ் இசை விமர்சனம் இன்னும் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

வெளியே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கர்நாடக லயத்தைப் பாடமாகவே வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் கடினமான இசையை நாக்கால் சொல்லிக் கற்கும் அந்த முறையை 2015இல் பெரிய நூலாகவும் எழுதினார். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர், வயலினைச் சிறு வயதிலேயே முறையாகக் கற்றார், பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். 1998இல் பெர்க்லியில் முடித்த முனைவர் ஆய்வில், லயம் தலையில் மட்டும் நடப்பதில்லை, உடம்புதான் அதைச் சிந்திக்கிறது என்று வாதிட்டார். ராணிப்பேட்டையில் வளர்ந்த கிதார் கலைஞர் பிரசன்னாவும் தபலாக் கலைஞர் நிதின் மித்தாவும் அவரும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ‘தீர்த்தா’ இசைத்தொகுப்பில் அந்த வாதம் கைகளுக்கு இறங்கியிருக்கிறது. கணக்கு தெரியாமல் கேட்டாலும் கால் ஆடும், கணக்கு போட்டுக் கேட்டால் தலை சுற்றும்.

உள்ளூரில் நிலைமை வேறு. சென்னை அண்ணா சாலையின் மியூஸி மியூசிகல் 1842இல் தொடங்கியது. டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளைத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக நடத்தும் நிறுவனம். கொடைக்கானலிலிருந்து குமரி வரை கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள் ஏராளம். காலையில் பியானோ வகுப்பு, மாலையில் பாட்டு வகுப்பு அல்லது மிருதங்க வகுப்பு என்று போகும் பிள்ளைகளும் உண்டு. காலையில் ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்று எண்ணித் தடுமாறும் அதே குழந்தை, மாலையில் தகிட தகதிமியைத் தூக்கத்திலும் சொல்லும். இரண்டு வகுப்பும் ஒரே மண்டைக்குள் இரண்டு வீடுகளாகவே இருக்கின்றன. இது வீணாகும் செல்வம். பியானோ ஆசிரியரிடம் மிருதங்கம் தெரியாதது குறையில்லை, கேட்டுக்கொள்ளாததுதான் குறை. இளம் பியானோ கலைஞர் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் வென்றபோது எல்லோரும் வேகத்தையே வியந்தார்கள். ‘வண்டின் பறத்தல்’ என்ற பாடலை நிமிடத்துக்கு 325 துடிப்பில் வாசித்ததும், ஒவ்வொரு கைக்கும் ஒரு பியானோ வைத்து வாசித்ததும் செய்தியாயின. அவர் பியானோவுக்கு முன்பே டிரம்ஸில் கை பழகியவர் என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் ஃபான்டெஸி இம்ப்ராம்ப்டுவை எடுத்துக்கொண்ட மாணவர் என்ன செய்யலாம்? பிராம்ஸ் 1893இல் வெளியிட்ட 51 பயிற்சிகளில் மூன்றுக்கு நான்கு போன்றவற்றுக்குக் கையைப் பழக்கும் பாடங்கள் இருக்கின்றன, அவையும் உதவும். ஆனால் தொடக்கம் பியானோவில் வேண்டாம். மூடிய மூடியின்மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்து, பன்னிரண்டு மாத்திரையை வாயால் ஓட்டி, 3, 1, 2, 2, 1, 3 என்ற மாலைமாற்றை மெதுவாகத் தட்டலாம். இரு கை, வலது, இடது, வலது, இடது, வலது. ஒரு வாரம் போனால் எண்கள் மறைந்து சொல் மட்டும் நிற்கும். பிறகு கைகளை மாற்ற வேண்டும், பழனியின் வழியில். இடது கைக்கு நான்கு, வலது கைக்கு மூன்று. அதுவும் வந்துவிட்டால் சொல் இரு கைகளுக்கும் பொதுவாகிவிட்டது என்று பொருள். அடுத்த கட்டத்தில் பழைய நிலைக்கே திரும்பி, வாயை மூடிக்கொண்டு, இடது கையின் மூன்றை மட்டும் தாளம்போல் சலிக்கும்வரை ஓடவிடலாம். அது பேச்சுக் கொடுத்தாலும் தடுமாறாத அளவுக்கு ஆன பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் இன்னொரு வேலை காத்திருக்கும். வலது கையின் அந்த நீண்ட ஓட்டம் தொடங்கும் இடத்தில், நான்கில் முதல் அடி வெறும் மௌனம். கர்நாடகத்தில் இதை அனாகத எடுப்பு என்போம். இடது கை சமத்தில் விழ வேண்டும். வலது கை ஓர் அடியைக் காற்றில் விட்டு, இரண்டாவதில் உள்ளே நுழைய வேண்டும்.